ஃபைபர் படகில் கவருக்கு டிச் பட்டன்: பிடுங்கிக்கொண்டு வந்த குமிழ்களும் மறுபடி செய்த வேலையும்

படகு ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல். முழுக்க ஃபைபர், வெளியே வெள்ளை ஜெல்கோட் பூச்சு. முன்பக்கம் மூடிய டெக், நடுவில் உட்காரும் பகுதி, அதைச் சுற்றி ஒரு சாணுக்குக் குறைவான உயரத்தில் எழும்பி நிற்கும் தடுப்பு விளிம்பு. நண்பர் வாங்கும்போதே கேன்வாஸ் கவரும் அதைப் பிடிக்க டெக் மேல் வரிசையாகக் குமிழ்களும் (டிச் பட்டனில் படகோடு நிற்கிற பாதி) இருந்தன, யாரோ முன்பு அடித்தவை. இரண்டு மழைக்காலம் போனதும் கவர் காற்றில் பிய்த்துக்கொண்டு எழும்ப ஆரம்பித்தது. சில குமிழ்கள் ஸ்க்ரூவோடு கழன்று கவரிலேயே தொங்கின. சிலவற்றின் அடியில் இருந்து பழுப்பு நிறத்தில் கறை வழிந்து ஜெல்கோட்டில் கோடு போட்டிருந்தது.

நண்பர் கேட்டது எளிய கேள்வி: "அதே ஓட்டையில் கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ போட்டால் போதாதா?" போதாது என்று உடனே சொல்லிவிட்டேன், ஆனால் ஏன் போதாது என்பதை அவருக்குக் காட்டத்தான் நேரம் பிடித்தது. இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் பட்டனைப் பற்றியே யோசிக்கிறார்கள்: என்ன சைஸ், என்ன உலோகம், எந்த டூல். பட்டன் கடைசியில் வருகிற விஷயம். முதலில் வருவது ஓட்டை. ஒரு கவருக்கு இருபது முப்பது குமிழ் என்றால், தண்ணீரை வெளியே நிறுத்துவதற்காகச் செய்த ஒரு பொருளில் இருபது முப்பது ஓட்டை போடுகிறோம், அதுவும் மழை நேராக விழுகிற மேல்பக்கத்தில். அந்த ஓட்டைகளைக் கவனித்துக்கொண்டால் பட்டன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

பிரித்துப் பார்த்தபோது

முதலில் ஒவ்வொரு குமிழையும் விரலால் திருகிப் பார்த்தேன். இதற்கு எந்த டூலும் வேண்டாம். பிடிப்பு இருக்கிற குமிழ் அசையாது, பிடிப்பு போனது விரலோடு சேர்ந்து சுற்றும். முன் டெக்கில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் சுற்றின. பல ஓட்டைகளைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி மெல்லிய விரிசல்கள், சில இடங்களில் ஜெல்கோட் செதிலாகப் பெயர்ந்திருந்தது.

அந்த விரிசலுக்குக் காரணம் புரிய வேண்டும் என்றால் ஃபைபர் தகடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியே தெரியும் பளபளப்பு ஜெல்கோட், சுமார் அரை மில்லிமீட்டர் கனம். அதில் கண்ணாடி நார் கிடையாது, வெறும் ரெசினும் நிறமியும்தான், அதனால் கடினமாக இருக்கும், ஆனால் வளைந்து கொடுக்காது. அதற்கு அடியில்தான் ரெசினில் ஊறிய கண்ணாடி மேட் அடுக்குகள், பலம் முழுக்க அங்கே. ஓட்டையை நேராகப் போட்டு ஸ்க்ரூவை முடுக்கினால், ஸ்க்ரூவின் மரை ஜெல்கோட்டைத்தான் முதலில் பற்றி மேலே தூக்குகிறது. அடியில் இருக்கும் மேட் தாங்கும், மேலே இருக்கும் ஜெல்கோட் உடையும். பிறகு அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கும்.

கழற்றிய ஸ்க்ரூக்களில் ஒன்றைத் துடைத்து நண்பரின் கையில் கொடுத்தேன். மேலே குமிழ் புதுசு மாதிரி மின்னியது. அதற்குக் கீழே, தகட்டுக்குள் புதைந்திருந்த கழுத்துப் பகுதி பழுப்பேறி, குழிகுழியாக அரித்து, நுனியை விட ஒல்லியாகிப் போயிருந்தது. இவ்வளவுக்கும் அது ஸ்டெயின்லெஸ். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலத்தால், அந்தப் படலம் கீறல் விழுந்தால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் போகாத, உப்புத் தண்ணீர் தேங்கிய ஒரு குறுகிய ஓட்டைக்குள் அது கிடைக்காது. அதனால் வெளியே தெரியும் பாகம் அப்படியே இருக்க, மறைந்திருக்கும் பாகம் அரித்துக்கொண்டே போகும். ஜெல்கோட்டில் வழிந்த பழுப்புக் கோடு அந்த அரிப்பின் கழிவுதான், துடைத்தால் போகும், மறுபடி வரும்.

அப்புறம் தட்டிப் பார்க்கும் சோதனை. ஸ்க்ரூட்ரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் டெக்கை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் 'டக் டக்' என்று வறண்ட சத்தம் வரும், உள்ளே ஈரம் ஏறிய இடத்தில் 'தொப்' என்று அமுங்கிய சத்தம் வரும். தடுப்பு விளிம்பு முழுக்க டக் டக். முன் டெக்கில் இரண்டு ஓட்டைகளைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தொப் தொப்.

முன் டெக் ஒற்றைத் தகடு இல்லை. மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் பிளைவுட். பல படகுகளில் டெக் இப்படித்தான் இருக்கும், நடுவில் பிளைவுட்டுக்குப் பதில் பால்சா மரமோ ஃபோமோ இருக்கலாம். உங்கள் படகில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் டிரில் பிட்டில் ஒட்டி வரும் தூளைப் பாருங்கள். வெள்ளைத் தூள் மட்டும் வந்தால் அது வெறும் ஃபைபர். வெள்ளைக்குப் பிறகு வெளிர் மரத்தூள் வந்தால் நடுவில் மரம், காய்ந்த நிலையில். கரும்பழுப்பில் ஈரமாகச் சுருண்டு வந்து பிட்டில் அப்பிக்கொண்டால் மரம் ஊறிப் போயிருக்கிறது. அந்தத் தொப் தொப் இடத்தில் ஒரு சிறு சோதனை ஓட்டை போட்டபோது வந்தது மூன்றாவது ரகம், அழுகிய இலை வாடையோடு.

இந்த நிலையில் நீளமான ஸ்க்ரூ போடுவது என்றால் ஊறின மரத்துக்குள் இன்னும் ஆழமாகத் தண்ணீருக்கு வழி விடுவது. நண்பர் அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டார்.

ஏன் பிடுங்கிக்கொண்டு வந்தது

டிச் பட்டனுக்கு ஒரு குணம் உண்டு. பக்கவாட்டில் இழுத்தால் பலமாகப் பிடிக்கும். மேல்நோக்கி, அதுவும் ஒரு ஓரத்தில் இருந்து இழுத்தால், ஒட்டிய ஸ்டிக்கரை ஓரத்தில் இருந்து உரிப்பது மாதிரி சுலபமாக வந்துவிடும். அப்படித் திறக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். பழைய குமிழ்கள் எல்லாம் டெக்கின் தட்டையான மேல்பரப்பில் நின்றன. காற்று கவருக்குள் புகுந்து தூக்கும்போது இழுப்பு நேராக மேல்நோக்கி, அதாவது பட்டன் திறக்கிற திசையிலேயே, ஸ்க்ரூ பிடுங்கப்படுகிற திசையிலேயே. பட்டன் நல்ல நிலையில் இருந்தால் அது திறக்கும். உப்பேறி இறுகிப் போயிருந்தால் பட்டன் திறக்காது, ஸ்க்ரூ வரும். இங்கே இரண்டுமே நடந்திருந்தது.

அதே குமிழைச் செங்குத்தான முகத்தில், விளிம்புக்கு வெளிப்பக்கம் வைத்தால் கணக்கே மாறிவிடுகிறது. கவர் விளிம்பின் மேல் ஏறி மடங்கிக் கீழே இறங்கி வந்து மாட்டிக்கொள்கிறது. மேலே காற்று தூக்கினாலும் குமிழில் வரும் இழுப்பு தகட்டோடு ஒட்டிய திசையில்தான் இருக்கும், பட்டன் பலமாகப் பிடிக்கும் திசை அது. ஓட்டையின் மேல் தண்ணீரும் தேங்காது. என் கணக்கில் இந்த வேலையில் எடுக்கக்கூடிய முடிவுகளிலேயே பெரியது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

இன்னொரு காரணம் தேங்கிய மழை. பழைய கவருக்கு நடுவில் தாங்குகோல் எதுவும் இல்லை. ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் கவர் குழிந்து அதில் சராசரியாக 5 செ.மீ. தண்ணீர் நின்றால் 50 லிட்டர், அதாவது 50 கிலோ. அந்த எடை முழுவதும் சுற்றியுள்ள பட்டன்களை உள்நோக்கி இழுக்கிறது, தண்ணீர் ஏற ஏறத் துணி தொய்கிறது, தொய்யத் தொய்ய இன்னும் தண்ணீர் சேர்கிறது. இதைத் தாங்கும்படி யாரும் பட்டன் போட முடியாது. நடுவில் ஒரு கோல் நிறுத்தித் துணியைக் கூடாரமாகச் சரிய வைப்பதுதான் வழி.

என்ன செய்வது என்று முடிவெடுத்தது

பக்கங்களிலும் பின்னாலும் குமிழ்களைத் தடுப்பு விளிம்பின் வெளி முகத்துக்கு மாற்றுவது, அங்கே நடுவில் மரம் இல்லாத கெட்டியான ஃபைபர் 4, 5 மி.மீ. கனத்தில் இருக்கிறது. முன் டெக்கில் அப்படி ஒரு செங்குத்து முகம் இல்லை, கவர் டெக் மேலேயே முடிய வேண்டும், ஆகவே அங்கே மட்டும் தட்டையில் குமிழ், ஆனால் ஒவ்வொரு ஓட்டையையும் எபாக்ஸியால் (இரண்டு பாகத்தைக் கலந்தால் கல்லாக இறுகும் பிசின்) அடைத்துவிட்டு அதற்குள் மறுபடி துளை. ஒரு பக்கம் பெட்ரோல் டேங்கின் மேல்பாகம் தடுப்பு விளிம்புக்கு ஒட்டி வருகிறது, உள்ளே கைவிட்டுப் பார்க்கவும் இடமில்லை. அங்கே டிரில் கிடையாது என்று முதலிலேயே முடிவு. அந்த நீளத்துக்கு மட்டும் ஒட்டும் அடித்தளம் கொண்ட குமிழ்கள்.

எல்லாவற்றையும் ஒட்டும் குமிழாகவே போட்டுவிடலாமே, ஓட்டையே வேண்டாமே என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ரகம் வளைந்த அடித்தளத்தில் கெட்டியான இருபக்கப் பசை டேப்போடு வருகிறது, சரியான பரப்பில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும் அளவுக்கு உரிக்கிற இழுப்பைத் தாங்காது, மெழுகும் சுண்ணாம்பாய் வெளுத்த ஜெல்கோட்டும் அதற்கு எதிரி, வளைவான இடத்தில் அடித்தளத்தின் ஓரம் முழுதாகப் படியாது. நல்ல நிலையில் இருக்கிற தட்டையான செங்குத்து முகத்தில், பட்டனைப் பொறுமையாகத் திறக்கிற ஆள் கையில், போடலாம். முழுக் கவரையும் அதை நம்பி விட எனக்கு மனம் வரவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன்: படகை டிரெய்லரில் ஏற்றி வேகமாக இழுத்துக்கொண்டு போகும்போது போடுகிற கவர் என்றால் டிச் பட்டன் அதற்கான சாமான் இல்லை. அதற்கு ஓரத்தில் கயிறு ஓடும் கவரும் அடிவயிற்றைச் சுற்றும் பட்டைகளும்தான். ஒரு ஓட்டையும் தேவைப்படாது.

பொருள் விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. பழையவற்றில் சில நிக்கல் பூசிய பித்தளை, பூச்சு தேய்ந்த இடத்தில் பச்சைப் பொடி. புதியவை எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ். சாதாரண 304 ரகத்தில் இல்லாத மாலிப்டினம் அதில் 2, 3 சதவீதம் இருப்பதால் உப்புக்கு அதிகம் தாக்குப்பிடிக்கும். குமிழ், அதைக் கவ்வுகிற சாக்கெட், துணிக்கு வெளியே தெரியும் மூடி மூன்றையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும் குமிழ்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், ஒன்றில் இறுகும், ஒன்றில் லொடலொடக்கும். முன் டெக்கின் இரண்டு மூலைகளுக்கு மட்டும் ஒரு பக்கமாக மட்டுமே திறக்கும் ரகம் வாங்கினோம். மூடியில் ஒரு புள்ளி இருக்கும், அந்தப் பக்கத்தில் இருந்து தூக்கினால்தான் திறக்கும், மற்ற மூன்று பக்கமும் எவ்வளவு இழுத்தாலும் வராது. காற்று முதலில் பிடிப்பது அந்த மூலைகளைத்தான்.

பழைய ஓட்டைகளும் ஈர மரமும்

அதிக நேரம் எடுத்தது இதற்குத்தான். ஈரம் ஏறிய இரண்டு இடத்திலும் டெக்கின் அடிப்பக்கத்தில் இருந்து, வெளியே தெரியாத மாதிரி, அழுகல் இருந்த அளவுக்குக் கீழ்த் தோலை வெட்டித் திறந்து, அழுகின மரத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காய விட்டோம். முழுதாகக் காயாமல் எபாக்ஸி ஊற்றினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். காய்ந்த பிறகு புது பிளைவுட் துண்டை எபாக்ஸியில் ஊறவைத்துப் பதித்து, கீழே கண்ணாடித் துணியும் எபாக்ஸியும் வைத்து மூடினோம்.

மரம் நன்றாக இருந்த மற்ற ஓட்டைகளுக்கு அவ்வளவு தேவையில்லை. மேல் தோலில் 6 மி.மீ. துளை, அதன் வழியாக 'ட' வடிவில் வளைத்த ஒரு ஆணியை டிரில்லில் மாட்டிச் சுற்றவிட்டால் இரண்டு தோலுக்கும் நடுவில் உள்ள மரம் மட்டும் ஒரு சின்ன வட்டத்துக்குப் பொடியாகி வெளியே வரும். தோலில் பெரிய ஓட்டை விழாது என்பதுதான் இதில் வசதி, ஏனென்றால் குமிழின் அடிப்பாகம் மறைக்கிற அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். தூளை உறிஞ்சி எடுத்துவிட்டு, முதலில் எதுவும் கலக்காத எபாக்ஸியை ஊசியில்லாத சிரிஞ்சால் உள்ளே விட்டேன், மரத்தின் அறுபட்ட ஓரங்கள் அதைக் குடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பினேன். மறுநாள் கல்லாக இருந்தது. அதன் நடுவில் துளை போட்டால் ஸ்க்ரூ பிடிப்பதும் எபாக்ஸியை, ஒருவேளை தண்ணீர் இறங்கினாலும் அது முட்டுவதும் எபாக்ஸியை. மரத்துக்கு வழியே கிடையாது.

தளர்ந்த ஓட்டையில் தீக்குச்சியைத் திணித்து ஸ்க்ரூவை முடுக்குகிற வழக்கத்தைப் படகில் மட்டும் செய்யாதீர்கள். குச்சி தண்ணீரைத் திரி மாதிரி உள்ளே இழுக்கும்.

இனிப் பயன்படாத ஓட்டைகளை மூடும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஜெல்கோட் பாலியெஸ்டர் வகை. எபாக்ஸி முழுதாக இறுகாமலோ, அதன் மேல் படியும் பிசுபிசுப்பான படலத்தைக் கழுவாமலோ மேலே ஜெல்கோட் பூசினால் அது சரியாக இறுகாது, பிடிக்காது. எபாக்ஸி வைத்த இடங்களை நன்றாக இறுகவிட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய பிறகுதான் ஜெல்கோட். மரத்தைத் தொடாத ஆழமில்லாத ஓட்டைகளில் எபாக்ஸியே போடாமல் வினைல் எஸ்டர் புட்டி வைத்தேன், அதன் மேல் ஜெல்கோட் தயக்கமில்லாமல் பிடிக்கும். நட்சத்திர விரிசல்களை அப்படியே பூசி மறைக்கக் கூடாது, முதலில் அகலமாகக் கீறித் திறந்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். நிரப்பிய ஜெல்கோட் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டால் காற்றுப்படாமல் இறுகும், இல்லாவிட்டால் மேல்பக்கம் பிசுபிசுவென்றே நிற்கும். நிறம் நூறு சதவீதம் ஒத்துப்போகவில்லை, வெயிலில் வெளுத்த பழைய வெள்ளையும் டப்பாவில் இருந்து வந்த வெள்ளையும் ஒன்றாகாது. உற்றுப் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான்.

துளையும் ஸ்க்ரூவும்

இடைவெளி நேரான இடங்களில் 20 முதல் 25 செ.மீ., வளைவுகளில் 12 முதல் 15. வளைவில் இடைவெளி அதிகமானால் துணி இரண்டு பட்டனுக்கு நடுவே நேர்கோட்டில் இழுபட்டு வாய் திறந்து நிற்கும். விளிம்பு முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் குறித்தோம், பென்சில் கோடு தெளிவாகத் தெரியும், பிட் வழுக்காது. குறித்த ஒவ்வொரு இடத்துக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று உள்ளே கைவிட்டுப் பார்த்த பிறகுதான் டிரில். ஒரு பக்கம் ஒயர் கட்டு ஓடியது, அதைக் கிளிப்பில் இருந்து கழற்றி ஒதுக்கி வைத்தோம்.

ஸ்க்ரூ 8ஆம் நம்பர், வெளி விட்டம் சுமார் 4.2 மி.மீ., நீளம் 10 மி.மீ. அளவு. நுனி உள்பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதற்கு மேல் நீளம் போனால் லாக்கருக்குள் கைவிடுகிறவர் கையைக் கிழிக்கும், ஒயரையும் தேய்க்கும். துளை 3.5 மி.மீ. மரத்துக்குப் போடுகிற அளவை விட இது பெரியது, காரணம் ஃபைபர் மரம் மாதிரி அமுங்கி இடம் கொடுக்காது. முதலில் அதே கனமுள்ள ஒரு துண்டு ஃபைபரில் போட்டுப் பாருங்கள். ஸ்க்ரூ கீச்சென்று கத்திக்கொண்டு சூடாகிப் போனால் துளை சின்னது, பாதியில் ஸ்க்ரூ முறியும். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் பெரியது.

டிரில்லை முதலில் எதிர்த் திசையில் சுற்றவிட்டு ஜெல்கோட்டைத் தேய்த்துக் கடந்து, அப்புறம் நேர்த் திசைக்கு மாற்ற வேண்டும். எதிர்த் திசையில் பிட் வெட்டாது, சுரண்டும், அதனால் ஓரம் செதிலாகப் பெயராது. பிட்டில் ஆழத்துக்கு ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். துளை விழுந்ததும் கவுண்ட்டர்சிங்க் பிட்டால், அதையும் எதிர்த் திசையில் சுற்றி, வாயை மெல்லச் சாய்வாக்க வேண்டும், ஜெல்கோட் கனம் முழுவதும் ஸ்க்ரூவின் மரைக்கு எட்டாதபடி 5, 6 மி.மீ. அகலத்துக்கு விலகும் வரை. இந்த ஒரு படிதான் பழைய வேலையில் விட்டுப்போனது, அந்த நட்சத்திர விரிசல்கள் எல்லாம் இதனால் வந்தவை. சாய்வான அந்தக் குழி இன்னொரு உதவியும் செய்கிறது: தண்ணீர் இறங்காமல் அடைக்கும் சீலன்ட் உட்கார ஒரு இடம் கிடைக்கிறது.

ஃபைபர் தூள் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகவே கூடாது. மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை. பக்கத்தில் ஒருவர் வாக்குவம் குழாயைப் பிடித்துக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும்.

சீலன்ட் பாலியூரிதேன், ஆனால் நிரந்தரமாக ஒட்டும் ரகம் வேண்டாம், பின்னால் கழற்றக்கூடிய நடுத்தர ரகம், 3எம் 4200 மாதிரி. பாலிசல்ஃபைடும் நல்லதே. சிலிகான் வேண்டவே வேண்டாம், அது இருந்த இடத்தில் பிறகு பெயின்ட்டோ ஜெல்கோட்டோ வேறு சீலன்ட்டோ எதுவும் ஒட்டாது. அசிட்டோனில் நனைத்த துணியால் துளை வாயைத் துடைத்து, சாய்வுக் குழியில் ஒரு பொட்டு, ஸ்க்ரூவின் கழுத்தைச் சுற்றி ஒரு பொட்டு. அப்புறம் கையால், ஸ்க்ரூட்ரைவரால் மட்டும் முடுக்குவது. குமிழின் நடுவில் உள்ள நட்சத்திரக் குழிக்குப் பொருந்துகிற 2ஆம் நம்பர் நுனி வேண்டும், வழுக்கினால் குமிழின் தலையில் பிசிறு எழும்பி சாக்கெட்டை அறுத்துக்கொண்டே இருக்கும். சுற்றிலும் சீலன்ட் மெல்லிய வளையமாகப் பிதுங்கி வரும் நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். பவர் டிரில்லால் இறுக்கினால் ஒரு நொடியில் மரை அறுந்துபோகும், சீலன்ட்டும் மொத்தமாக வெளியே பிதுங்கிவிடும்.

துணி கடைசியில்

குமிழ்கள் எல்லாம் உட்கார்ந்து சீலன்ட் இறுகிய பிறகுதான் கவரில் கை வைத்தோம். புதுக் கவர் நூலிலேயே நிறம் ஏற்றிய அக்ரிலிக் கேன்வாஸ், ஓரம் இரண்டாக மடித்து உள்ளே பட்டை வைத்துத் தைத்தது. ஒரு பட்டன் கூட முன்கூட்டி அடிக்கவில்லை. அளவெடுத்து மேசையில் வைத்து அடித்துவிட்டு வந்து படகில் மாட்டிப் பார்த்தால் எங்கேயாவது ஒரு இடத்தில் கட்டாயம் இடிக்கும்.

நடுக்கோலை நிறுத்தி, துணியைப் போர்த்தி, முதலில் முன்பக்க நடுப்புள்ளி. பெருவிரலால் குமிழின் மேல் துணியை அழுத்தினால் உள்ளே இருந்து ஒரு சின்ன வளையம் அச்சாகத் தெரியும், அதன் நடுவில் ஒரு புள்ளி. துளையிட்டு, வெளிப்பக்கம் மூடி, உள்பக்கம் சாக்கெட், அடித்து மாட்டிவிட்டு அடுத்தது. அதன் பிறகு பின்பக்க நடு, பிறகு இடது நடு, வலது நடு, அப்புறம் மாறி மாறி மூலைகளை நோக்கி. ஒரே பக்கத்தை வரிசையாக முடித்துக்கொண்டு போனால் துணி மொத்தமும் ஒரு பக்கமாக ஏறிவிடும், கடைசி மூலையில் சுருக்கம் வந்து நிற்கும்.

துளை, மூடியின் தண்டு இறுக்கமாக நுழைகிற அளவுதான் இருக்க வேண்டும். அடித்த பிறகு தண்டின் வாய் சுற்றிலும் ஒரே மாதிரி மடிந்து சாக்கெட்டைக் கவ்வியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியை விரலால் சுற்றினால் சுற்றக் கூடாது. சுற்றினால் இன்னும் ஒரு அடி வேண்டும், தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து பிளந்திருந்தால் பிடுங்கிவிட்டு வேறு போட வேண்டும். கைநெம்புகோல் டூல் கிடைத்தால் சுத்தியலை விட அது மேல், படகு மேலேயே ஒவ்வொன்றையும் நேராக அழுத்திவிடலாம்.

வினைல் பூசிய துணி வைத்திருப்பவர்கள் நேரத்தைக் கவனிக்க வேண்டும். அது வெயிலில் தளர்ந்து நீளும், குளிரில் இறுகிச் சுருங்கும். உச்சி வெயிலில் இழுத்துக் குறித்து அடித்தால் மறுநாள் காலையில் பட்டன் குமிழை எட்டவே எட்டாது. மிதமான நேரத்தில், கையால் இழுத்தால் துணி நேராகும் அளவு இழுப்பு போதும்.

பிறகு

அதற்கப்புறம் வந்த மழையில் தண்ணீர் கவர் மேல் எங்கும் நிற்கவில்லை. காற்றிலும் பக்கங்கள் அசையவில்லை. சில வாரம் கழித்து எல்லாக் குமிழையும் மறுபடி விரலால் திருகிப் பார்த்தேன், முன் டெக்கில் இருப்பவை உட்பட எதுவும் சுற்றவில்லை, பழுப்புக் கறையும் எங்கும் இல்லை. பின் மூலையில் ஒரு சாக்கெட் மட்டும் இறுக்கமாக இருந்தது. உப்பு. நல்ல தண்ணீரில் கழுவி, குமிழின் தலையில் துளி மெழுகு தேய்த்ததும் சரியானது. எல்லாவற்றுக்கும் அவ்வப்போது இதைச் செய்ய வேண்டும், இறுகிப்போன பட்டன்தான் ஸ்க்ரூவைப் பிடுங்கும்.

பெட்ரோல் டேங்க் பக்கத்தில் உள்ள ஒட்டும் குமிழ்கள் இதுவரை நிற்கின்றன, ஆனால் அவற்றைக் கையாள நண்பரிடம் ஒரு வழிமுறை சொல்லி வைத்திருக்கிறேன். கவர் போடும்போது அந்தப் பக்கத்தைக் கடைசியில் மாட்ட வேண்டும், மற்றவை இழுப்பை எடுத்துக்கொண்ட பிறகு. கழற்றும்போது முதலில் அவை, அதுவும் துணியின் ஓரத்தைப் பிடித்து உருவாமல், மூடிக்கு நேர் அடியில் விரலைக் கொடுத்து ஒவ்வொன்றாக.